தொடக்கநிலை 5 பையனுக்குப் புதிர்க்கணக்கு: எதைக் கொடுப்பது, எப்போது பதில் சொல்வது?

தோபாயோ அம்மா | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் தொடக்கநிலை 5, அதாவது ஐந்தாம் வகுப்பு. கணக்கில் மோசமில்லை. துணைப்பாட நிலையம் ஒன்றில் சனிக்கிழமைகளில் புதிர்களுக்கென்றே தனி வகுப்பு நடத்துகிறார்கள், அதில் சேர்த்திருக்கிறேன். மாதம் ஒரு கட்டுத் தாள் வரும். ஒவ்வொரு தாளின் தலையிலும் வகை அச்சாகியிருக்கும்: கோழியும் முயலும், கம்பமும் இடைவெளியும், கைகுலுக்கல், மிச்சமும் குறையும். தலைப்பைப் பார்த்த கையோடு பையன் மளமளவென்று போட்டுவிடுவான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

போன வாரம் ஒரு யோசனை வந்து, தாள்களின் தலைப்பை மட்டும் மடித்து ஒட்டிவிட்டு, பழைய கணக்குகளையே கலைத்துக் கொடுத்தேன். ஆறில் இரண்டுதான் சரி. "அம்மா, இது எந்த வகைன்னு மட்டும் சொல்லேன், மீதிய நான் பாத்துக்கிறேன்" என்று கெஞ்சுகிறான்.

அப்புறம் ஒரு குறும்பு செய்தேன். "தேக்கா சந்தையில ஒரு கறிக்கடை. கடையில 26 செம்மறியாடு, 10 வெள்ளாடு. கடைக்காரருக்கு வயசு என்ன?" மூன்று வினாடிகூட ஆகவில்லை, "36" என்றான். சிரித்துவிட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்து, "ஓ, கழிக்கணுமா? 16?" என்றான். சிரிப்பு அதோடு நின்றுவிட்டது.

இந்தத் தாள்களைத் தொடர்வதா, நிறுத்துவதா? வீட்டிலேயே கொடுக்கலாம் என்றால் எந்த மாதிரிப் புதிர் கொடுப்பது? அவன் திணறினால் எப்போது பதில் சொல்வது? எனக்குப் பொறுமை குறைவு, அவனுடைய அப்பாவுக்கு என்னைவிடக் குறைவு.

பூன்லே அப்பா | ஞாயிறு, இரவு 10.05

16 வயதில் கறிக்கடை முதலாளி என்றால் பையன் கெட்டிக்காரன்தான்!

எங்கள் வீட்டில் சுடோக்கு, தீக்குச்சிப் புதிர், ஆடுபுலி ஆட்டம். பிள்ளைகள் ஐபேடைக் கீழே வைக்கிறார்கள், அதுவே போதும் என்று விட்டுவிட்டேன்.

ஓய்வு பெற்ற டீச்சர் | ஞாயிறு, இரவு 11.20

தோபாயோ அம்மா, உங்கள் மகனைத் தப்பாக நினைக்காதீர்கள். அந்தக் கேள்விக்கு 36 என்று சொன்ன பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் சிராங்கூன் சாலை போதாது. சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில் ஷுன்சிங் என்ற வட்டாரத்தில் 2018-இல் தொடக்கப்பள்ளித் தேர்வில் இதையே கேட்டார்கள்: கப்பலில் 26 செம்மறியாடு, 10 வெள்ளாடு, கப்பல் தலைவனுக்கு வயது என்ன? இணையம் முழுக்கப் பரவி, கேள்வி எழுதியவர்களைத் திட்டித் தீர்த்தார்கள். பிள்ளைகள் யோசிக்கிறார்களா என்று பார்க்கத்தான் கேட்டோம் என்று கல்வித் துறை விளக்கம் சொன்னது. பிரான்சில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஆய்வாளர்கள் இப்படிக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். அங்கும் பிள்ளைகள் கூட்டித்தான் சொன்னார்கள்.

கூட்டினால் வயதுக்குப் பொருந்துகிற மாதிரி ஓர் எண் வருகிறது. பள்ளியில் கொடுக்கிற கணக்கில் கொடுத்த எண்ணெல்லாம் பயன்பட்டே தீரும் என்று பிள்ளைக்குப் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவர்கள் நாங்கள்தான், நானும் சேர்த்து.

நான் வேலைக்கு வந்த புதிதில்தான், 1980-களில், கட்டம் வரைந்து கணக்குப் போடும் 'மாடல்' முறை நம் சிங்கப்பூர்ப் பாடத்திட்டத்துக்குள் வந்தது. கோ டெக் ஹோங் தலைமையில் கல்வி அமைச்சின் குழு உருவாக்கியது. நாங்கள் முதலில் முணுமுணுத்தோம். பிறகு பார்த்தால், எக்ஸ் போடத் தெரியாத பிள்ளைக்கு அளவு கண்ணுக்குத் தெரிய அதைவிட நல்ல வழி இல்லை. இன்று அதுவும் ஒரு சடங்காகிவிட்டது. கறிக்கடைக்காரர் வயதுக்கும் இரண்டு கட்டம் வரைந்து நடுவில் கேள்விக்குறி போடுகிற பிள்ளை உண்டு.

தாளை நிறுத்த வேண்டாம். தலைப்பை மடித்தீர்கள் அல்லவா, அப்படியே மடித்துக் கொடுங்கள். கோழி முயல் கணக்கைக்கூட அப்படித்தான் கொடுக்க வேண்டும். 35 தலை, 94 கால் என்று சீனத்தில் 1,500 ஆண்டுக்கு மேல் பழமையான கணக்கு அது. நான் வகுப்பில் சூத்திரம் சொல்லாமல் பிள்ளைகளையே கோழியும் முயலும் ஆக்குவேன். முயலானவர்கள் கையைத் தரையில் ஊன்ற வேண்டும். "எல்லாரும் ரெண்டு காலைத் தூக்குங்க" என்பேன். கோழிகள் தொப்பென்று உட்கார்ந்துவிடும், முயல்கள் மட்டும் இரண்டு காலில் நிற்கும். 70 கால் தூக்கியாயிற்று, தரையில் மிச்சம் 24. "அப்ப முயல் 12 டீச்சர்!" என்று கோழியாக உட்கார்ந்த பிள்ளைதான் முதலில் கத்தும்.

ஈசூன் அக்கா | திங்கள், காலை 7.15

மன்னிக்கவும், நான் மாற்றிச் சொல்கிறேன்.

என் மூத்தவள் 2021-இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, அதுதான் பிஎஸ்எல்இ, எழுதினாள். அடைவுநிலை மதிப்பெண் முறை வந்த முதல் ஆண்டு. கணக்குத் தேர்வு முடிந்து வெளியே வந்தபோது பல பிள்ளைகளின் கண் சிவந்திருந்தது. ஹெலன், ஐவன் நாணயக் கணக்கு நினைவிருக்கிறதா? அன்று இரவே பெற்றோர் வாட்சப் குழுக்களெல்லாம் பற்றி எரிந்தன. அன்றைக்கு வகை தெரிந்த பிள்ளை பிழைத்தது, தெரியாத பிள்ளை அழுதது. தேர்வில் ஒரு கணக்கோடு மூன்று நாள் உட்கார்ந்து சிந்திக்க யாரும் நேரம் கொடுப்பதில்லை.

சரளி வரிசை பாடாமல் யாரும் கீர்த்தனைக்குப் போவதில்லை. வகை வகையாகப் பயிற்சி செய்வதில் என்ன தப்பு? புதிர் எல்லாம் பிஎஸ்எல்இ முடிந்து டிசம்பரில் வைத்துக்கொள்ளலாம்.

நிரல்காரன் | திங்கள், மதியம் 12.50

ஈசூன் அக்கா, அந்த நாணயக் கணக்கு உங்கள் கட்சிக்குச் சாட்சி சொல்லாது என்று நினைக்கிறேன். மதிய உணவு இடைவேளையில் மறுபடி போட்டுப் பார்த்தேன்.

ஹெலன், ஐவன் இருவரிடமும் நாணயங்களின் எண்ணிக்கை ஒன்று. ஹெலனிடம் சில 50 காசு, அதோடு 64 இருபது காசு. ஐவனிடம் சில 50 காசு, அதோடு 104 இருபது காசு. ஹெலனின் நாணயங்கள் மொத்தம் 1.134 கிலோ. யாரிடம் பணம் அதிகம், எவ்வளவு அதிகம்? ஒரு 50 காசு ஒரு 20 காசைவிட 2.7 கிராம் கூடுதல் எடை என்றால் ஐவனின் நாணயங்கள் எவ்வளவு எடை?

பார்த்தவுடன் பயமாக இருக்கும். மொத்தம் எத்தனை நாணயம் என்று சொல்லவில்லை, ஒரு நாணயத்தின் எடையும் சொல்லவில்லை. ஆனால் அவை எதற்கு? எண்ணிக்கை ஒன்று, ஐவனிடம் 20 காசு 40 அதிகம் என்றால் ஹெலனிடம் 50 காசு 40 அதிகம். ஹெலனின் 50 காசில் நாற்பதை எடுத்து 20 காசாக மாற்றி வைத்தால் அதுதான் ஐவனுடைய பை. மாற்றத்துக்கு 30 காசு, 40 முறை, ஆக 12 வெள்ளி. எடையில் 2.7 கிராம் 40 முறை, 108 கிராம். ஐவனுடையது 1.026 கிலோ. முடிந்தது.

கணக்கு என்று பார்த்தால் இரண்டு கழித்தல், இரண்டு பெருக்கல், கடைசியில் இன்னொரு கழித்தல், அவ்வளவுதான். தெரியாததைத் தெரியாததாகவே விட்டுவிடத் துணிச்சல் வேண்டும். வகை தேடிப் பழகிய பிள்ளை மொத்த எண்ணிக்கையைக் கண்டுபிடிக்கப் போய் மாட்டிக்கொள்ளும்.

ஈசூன் அக்கா | திங்கள், மதியம் 1.30

எவ்வளவு சுலபம் என்று ஏசிக்குக் கீழே உட்கார்ந்து எழுதுவது சுலபம் தம்பி. பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளை, கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது, பக்கத்து மேசைப் பிள்ளை பக்கம் திருப்புகிறது.

ஆனால் பையை மாற்றி வைப்பது என்ற விளக்கம் எனக்கு இன்றுதான் கிடைத்தது, அதை மறைக்கவில்லை. எங்கள் குழுவில் யாரோ கட்டம் கட்டமாக வரைந்து அனுப்பியது எனக்குப் புரியவே இல்லை.

சிராங்கூன் தாத்தா | திங்கள், மாலை 6.10

பிள்ளைகளே, நானும் ஒன்று சொல்லலாமா? தட்டச்சு மெதுவாகத்தான் வரும்.

எங்கள் பாட்டி கேட்ட கணக்கு. ஊரை மட்டும் நம் ஊராக மாற்றியிருக்கிறேன். ஓர் அம்மாள் கூடையில் பூவோடு கிளம்புகிறாள். மூன்று கோயில்: வீரமாகாளியம்மன், பெருமாள், டேங்க் ரோடு முருகன். ஒவ்வொரு கோயில் வாசலிலும் மாயக்குளம், கூடையை முக்கினால் பூ இரட்டிப்பாகும். (மற்ற இரண்டில் குளத்துக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள், டேங்க் ரோட்டுக்குப் பெயரிலாவது குளம் இருக்கிறது.) மூன்று சாமிக்கும் ஒரே அளவு பூ வைக்கிறாள். மூன்றாவது கோயிலை விட்டு வரும்போது கூடை காலி. பூவைக் கிள்ளக் கூடாது. குறைந்தது எத்தனை பூ கொண்டுவந்தாள், சாமிக்கு எத்தனை வைத்தாள்?

தோபாயோ அம்மா, இதை உங்கள் மகனிடம் கொடுங்கள். எந்தத் தாளின் தலையிலும் இதற்குப் பெயர் இருக்காது என்று நம்புகிறேன்.

இன்னொன்று, இது புதிரா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள். காரிநாயனாரின் பழைய கணக்கு நூலான கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை வெட்டாமல் சுளை எண்ண ஒரு வெண்பா உண்டு. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளை. போன ஜூன் விடுமுறையில் தேக்காவில் முழுப் பழம் ஒன்று வாங்கி வந்து பேரனோடு சோதித்தேன். சமையலறையில் செய்தித்தாளை விரித்துப் பழத்தை நிமிர்த்தி வைத்தோம். பேரன் பேனாவால் ஒவ்வொரு முள்ளிலும் புள்ளி வைத்து எண்ணினான், 65. நான் எண்ணினேன், 71. காம்பருகே என்றால் எந்த வரிசை வரைக்கும்? அதிலேயே அரை மணி நேரம் சண்டை. அவன் கணக்குப்படி 78 சுளை, என் கணக்குப்படி 85. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வெட்டி எண்ணினால் 91. இரண்டு பேருமே தோற்றோம்.

பேரன் சொன்னான்: "தாத்தா, ஒரு பழம் போதாது. பத்துப் பழம் வேணும்." மருமகள் ஒத்துக்கொள்ளவில்லை.

பூன்லே அப்பா | திங்கள், மாலை 6.45

ஐயா, பத்தாவது பழத்துக்கு என்னைக் கூப்பிடுங்கள். எண்ணத் தெரியாவிட்டாலும் சாப்பிடத் தெரியும்.

உயர்நிலை 3 மாணவி | திங்கள், இரவு 8.30

பெரியவர்கள் பேசுகிற இடத்தில் நுழைகிறேன். எங்கள் வகுப்பில் போன வாரம் ஷெரில் பிறந்தநாள் கணக்கை எடுத்தோம். அது நம் ஊர்க் கணக்கு என்று எனக்கு அதுவரை தெரியாது! 2015 ஏப்ரலில் சிங்கப்பூர், ஆசியப் பள்ளிகள் கணித ஒலிம்பியாட் போட்டியில் வந்த 24-ஆவது கேள்வி, உயர்நிலை 3 மாணவர்களுக்கு. யாரோ அதை ஃபேஸ்புக்கில் போட, தொடக்கநிலை 5 கணக்கு என்று தப்பாகப் பரவி, வெளிநாட்டுக்காரர்களெல்லாம் சிங்கப்பூர்ப் பிள்ளைகளை நினைத்துப் பயந்துபோனார்களாம்.

ஷெரிலின் பிறந்தநாள் இந்தப் பத்துத் தேதிகளில் ஒன்று, எது என்று கண்டுபிடிக்க வேண்டும்: மே 15, 16, 19, ஜூன் 17, 18, ஜூலை 14, 16, ஆகஸ்ட் 14, 15, 17. ஷெரில் மாதத்தை மட்டும் ஆல்பர்ட்டிடமும் நாளின் எண்ணை மட்டும் பெர்னார்டிடமும் தனித்தனியாகச் சொல்கிறாள்.
ஆல்பர்ட்: எனக்குத் தெரியவில்லை, ஆனால் பெர்னார்டுக்கும் தெரியாது என்று எனக்குத் தெரியும்.
பெர்னார்ட்: முதலில் எனக்குத் தெரியவில்லை, இப்போது தெரிகிறது.
ஆல்பர்ட்: அப்படியானால் எனக்கும் தெரிகிறது.

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஆகஸ்ட் 17 என்றார்கள்.

பூன்லே அப்பா | திங்கள், இரவு 9.10

ஆகஸ்ட் 17 தானே! பெர்னார்டுக்குத் தெரியாது என்றால் 18-உம் 19-உம் அடிபட்டன, ஏனென்றால் அவை ஒரே தடவைதான் வருகின்றன. ஜூனில் மிச்சம் 17 மட்டும். ஜூன் என்றால் ஆல்பர்ட்டுக்கே தெரிந்திருக்கும், தெரியவில்லை என்கிறார், அதனால் அதுவும் போச்சு. இப்போது 17 ஆகஸ்டில் மட்டும்தான் இருக்கிறது. பெர்னார்ட் "தெரிகிறது" என்கிறார். நான் 2015-லேயே இதைச் சொல்லி அலுவலகத்தில் சண்டை போட்டவன்.

உயர்நிலை 3 மாணவி | திங்கள், இரவு 9.35

அங்கிள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பெர்னார்டுக்குத் தெரியாது என்று ஆல்பர்ட்டுக்கு யார் சொன்னது? பெர்னார்ட் அதுவரை வாயே திறக்கவில்லை. ஆல்பர்ட் கையில் இருப்பது மாதம் மட்டும். மாதம் மே என்றால் பெர்னார்டிடம் 19 இருக்கலாம், அப்போது பெர்னார்டுக்கு உடனே தெரிந்திருக்கும். ஜூன் என்றால் 18 இருக்கலாம். அவருக்குத் தெரியாது என்று ஆல்பர்ட் அடித்துச் சொல்கிறார் என்றால் மாதம் மேயும் இல்லை, ஜூனும் இல்லை. தேதி இரண்டு மட்டும் போகாது, மாதம் இரண்டும் முழுசாகப் போகும்.

மிச்சம் ஜூலை 14, 16, ஆகஸ்ட் 14, 15, 17. பெர்னார்டுக்கு இப்போது தெரிகிறது என்றால் 14 இல்லை. மூன்று தேதி மிச்சம். ஆகஸ்ட் என்றால் ஆல்பர்ட்டுக்கு 15-ஆ 17-ஆ என்று குழப்பம் இருக்கும். குழப்பம் இல்லை என்கிறார். ஜூலை 16.

உங்கள் வழியில் "பெர்னார்டுக்குத் தெரியாது" என்பதைக் கதை சொல்பவர் நமக்குச் சொல்கிறார். கணக்கில் அதை ஆல்பர்ட் சொல்கிறார்.

பூன்லே அப்பா | திங்கள், இரவு 10.20

மூன்று தடவை படித்தேன். சரி. இத்தனை வருடம் கழித்து யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? சண்டை போட்டவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

ஓய்வு பெற்ற டீச்சர் | செவ்வாய், காலை 10.00

மாணவியே, அருமை. "யார் சொன்னது?" என்ற அந்தக் கேள்வியை விட்டுவிடாதே.

ஈசூன் அக்காவின் சரளி வரிசைக்கு வருகிறேன். ஒப்புமை நியாயமானது, பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் ஒன்றைப் பாருங்கள். மேசையில் நாலு அட்டை: அ, க, 4, 7. எழுத்துக்குப் பின்னால் எண், எண்ணுக்குப் பின்னால் எழுத்து. "ஒரு பக்கம் உயிரெழுத்து என்றால் மறுபக்கம் இரட்டைப்படை எண்" என்று நான் சொல்கிறேன். நான் சொல்வது உண்மையா என்று பார்க்க எந்த அட்டைகளைத் திருப்பியே ஆக வேண்டும்? பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1966-இல் வெளியிட்ட சோதனையின் தமிழ் வேடம் இது. பெரியவர்களிலேயே பலர் 'அ'-வும் 4-உம் என்பார்கள்.

இப்போது கோப்பிக்கடை. நாலு பேர். ஒருவர் முன்னால் பீர், ஒருவர் முன்னால் மைலோ, மூன்றாமவர் வயது 25, நான்காமவர் வயது 16. முதல் இருவர் வயது தெரியாது, மற்ற இருவர் என்ன குடிக்கிறார்கள் என்று தெரியாது. 18-க்குக் கீழே பீர் கூடாது. யாரைச் சோதிப்பீர்கள்? யோசிக்கவே வேண்டாம், பீர்க்காரரையும் 16 வயதுப் பிள்ளையையும். மைலோ குடிப்பவர் எந்த வயதாக இருந்தால் நமக்கென்ன? இரண்டும் ஒரே புதிர்தான். அட்டையில் திருப்ப வேண்டியது 'அ'-வும் 7-உம். 4-க்குப் பின்னால் என்ன எழுத்து இருந்தாலும் என் பேச்சுக்குக் கெடுதல் இல்லை.

கோப்பிக்கடையில் வருகிற புத்தி அட்டைக்கு முன்னால் ஏன் ஓடிப்போகிறது? என் அனுபவத்தில், பிள்ளைக்கு அந்த இடம் கண்ணில் தெரிந்தால் வகை தேவைப்படுவதில்லை. அதனால்தான் கோழியாகவும் முயலாகவும் நிற்க வைத்தேன்.

பதில் எப்போது சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். நான் பதில் சொல்வதே இல்லை. "இதுவரைக்கும் உனக்கு என்ன தெரியும்?" என்று மட்டும் கேட்பேன். அதற்கு வாய்விட்டுப் பதில் சொல்லும்போதே பாதிப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்துவிடும். திறக்காத பிள்ளையிடம், எண்ணைச் சின்னதாக்கிக் கேட்பேன். அதற்கும் முடியாவிட்டால் தாளை மூடிவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

தோபாயோ அம்மா | வியாழன், இரவு 10.50

தாத்தாவின் பூக்கணக்கைத் திங்கள் இரவே கொடுத்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் கேள்வி: "எந்த வகை?" தெரியாது என்றேன். பத்துப் பூ என்று வைத்து ஆரம்பித்தான். இருபது ஆயிற்று. சாமிக்கு எத்தனை வைப்பது என்று தெரியாமல் நின்றான். 5 வைத்தான், 8 வைத்தான், கூடையில் பூ பெருகிக்கொண்டே போனது. தாளைக் கசக்கினான்.

செவ்வாய் இரவு கீழே கோப்பிக்கடையில் சாப்பிடும்போது பல்குச்சி டப்பாவை இழுத்து வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான். அவனுடைய அப்பா வாயைத் திறந்தார். மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். (டீச்சர், உங்கள் வழியில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.) "இதுவரைக்கும் உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டேன். "ஒண்ணுமே தெரியாது. கடைசியில கூடை காலின்னு மட்டும் தெரியும்" என்றான் எரிச்சலோடு. அதோடு முடிந்தது.

நேற்று மாலை மின்தூக்கியில் வந்துகொண்டிருந்தோம். நாங்கள் பதினொன்றாவது மாடி. ஆறாவது மாடி தாண்டும்போது திடீரென்று "காலின்னு தெரியும்ல? அப்ப அங்கேயிருந்து திரும்பி வந்தா?" என்றான், என்னைப் பார்த்துக்கூட இல்லை, மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டு. வீட்டுக்குள் காலணியோடே போய்ப் பல்குச்சியைக் கொட்டினான். சாமிக்கு ஒன்று வைத்தால், கடைசிக் குளத்துக்கு முன்னால் அரைப் பூ. "கிள்ளக் கூடாதே." இரண்டு வைத்தால், குளத்துக்கு முன்னால் ஒன்று, அதோடு இரண்டாவது சாமியின் இரண்டைச் சேர்த்தால் மூன்று, பாதி ஒன்றரை. மறுபடி கிள்ள வேண்டும். நாலு வைத்தான்: 2, பிறகு 3, பிறகு மூன்றரை. இங்கே ஒரு குச்சியை நிஜமாகவே உடைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒவ்வொரு தடவையும் ஒரு கோயில் தள்ளித்தான் உடையுது." அப்புறம் எட்டு: 4, 6, 7. ஏழு பூ கொண்டுவந்தாள், எட்டு எட்டாக வைத்தாள். முன்னாலிருந்தும் ஒரு தடவை போய்ச் சரிபார்த்தான்: 14, 6, 12, 4, 8, காலி.

மூன்று நாள். தாள் கணக்கு ஒன்றுக்கு அவன் ஒதுக்கும் நேரம் மூன்று நிமிடம்.

சிராங்கூன் தாத்தா | வியாழன், இரவு 11.15

அந்தக் குச்சியை உடைத்தான் பாருங்கள், அதற்காகவே அவனுக்கு ஒரு பலாப்பழம்.

நிரல்காரன் | வெள்ளி, மதியம் 12.40

இன்னொன்று தருகிறேன், தாழ்வாரத்திலேயே செய்யலாம். எங்கள் மாடியில் எட்டு வீடு. கோடியிலிருந்து 1 முதல் 8 வரை எண்ணினால் எங்களுடையது ஆறாவது. இடப்பக்க வீடுகள் 1, 2, 3, 4, 5, கூட்டினால் 15. வலப்பக்கம் 7, 8, அதுவும் 15. எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் இருந்து இப்படி அமைகிற அடுத்த தாழ்வாரத்தில் எத்தனை வீடு?

இதன் பெரிய வடிவம் 1914 டிசம்பரில் ஒரு லண்டன் பத்திரிகையில் வந்தது: தெருவில் 50-க்கு மேல், 500-க்குள் வீடுகள். கேம்பிரிட்ஜில், பின்னாளில் புள்ளியியல் அறிஞரான மகலனோபிஸ் சில நிமிடம் போட்டுப் பார்த்து விடை கண்டுபிடித்துவிட்டு, அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்த ராமானுஜனுக்குப் படித்துக் காட்டினார். ராமானுஜன் கிளறுவதை நிறுத்தாமலே, இந்த ஒரு தெருவுக்கு மட்டுமில்லாமல் இப்படி அமைகிற எல்லாத் தெருவுக்கும் சேர்த்து ஒரு தொடர்பின்னத்தை, பின்னத்துக்குள் பின்னமாக நீள்வதை, சொன்னார். பத்திரிகை கேட்ட விடை 288 வீட்டில் 204-ஆவது. எட்டுக்கும் 288-க்கும் நடுவில் ஒன்றே ஒன்று இருக்கிறது, அதைச் சொல்ல மாட்டேன்.

பூன்லே அப்பா | வெள்ளி, மதியம் 2.15

49-இல் 35. சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். வேலை நேரத்தில் கண்டுபிடித்தேன், அடக்க முடியவில்லை.

ஓய்வு பெற்ற டீச்சர் | வெள்ளி, மதியம் 2.30

உங்கள் காலை மிதிக்க யாரும் பக்கத்தில் இல்லையா?

தோபாயோ அம்மா | ஞாயிறு, மாலை 5.20

தாழ்வாரக் கணக்கை அவன் இன்னும் தொடவில்லை. சொந்தமாகப் புதிர் எழுதுவதில் இறங்கிவிட்டான். காலையில் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்ததை அப்படியே தருகிறேன்:

"அப்பா மூணு கோப்பிக்கடைக்குப் போனார். ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு மேஜிக் அங்கிள் அப்பா கையில இருக்குற காசை டபுள் ஆக்குவார். ஒவ்வொரு கடையிலும் அப்பா 1 வெள்ளி 20 காசுக்குக் கோப்பி குடிச்சார். கடைசியில காசு இல்லை. வீட்டுலேர்ந்து எவ்வளவு எடுத்துட்டுப் போனார்?"

பூக்கணக்குதானே, பெயரை மாற்றிவிட்டாய் என்றேன். கோபம் வந்துவிட்டது. "கீழ்க் கடையில கோப்பி 1 வெள்ளி 30 காசும்மா. அத வச்சுதான் முதல்ல போட்டேன். ஒரு வெள்ளி பதிமூணே முக்கால் காசுன்னு வந்துச்சு. முக்கால் காசுக்கு நாணயம் ஏது? விலையத் தேடித் தேடி 1.20 கண்டுபிடிச்சேன்." நேற்று சாயங்காலம் முழுக்க அறைக்குள் செய்த வேலை இதுதான் போலிருக்கிறது.

சனிக்கிழமை வகுப்பை நிறுத்தவில்லை. தாள் வந்ததும் தலைப்பை அவனே கத்தரித்து எறிந்துவிட்டு என்னிடம் கொடுக்கிறான்.

ஈசூன் அக்கா | ஞாயிறு, இரவு 9.05

1.05 எடுத்துப் போனார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். 1.60 போட்டுப் பார்த்தேன், வருகிறது. 1.40 போட்டேன், உடைகிறது. 80 காசு வருகிறது. 1.50 வரவில்லை. எந்த விலைக்கு வரும், எந்த விலைக்கு வராது என்று இளையவளிடம் கேட்டிருக்கிறேன், அவளும் தொடக்கநிலை 5. யாரும் பதில் எழுதிவிடாதீர்கள், முக்கியமாகப் பூன்லே அப்பா.

சிராங்கூன் தாத்தா | ஞாயிறு, இரவு 9.40

நான் பதில் சொல்லவில்லை அம்மா. எங்கள் காலத்தில் அரைக்கால் என்று ஒரு பின்னம் இருந்தது, காலில் பாதி. அதை மட்டும் அவளுக்குச் சொல்லி வையுங்கள்.